கட்டாத பாலத்துக்கு ஒரு நன்றியுரை

எனக்கு நன்றி சொல்ல நன்றாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இது ஒப்புதல் வாக்குமூலம்.

கட்சியில் இருபது வருடம் கிடந்தேன். எந்தக் கூட்டமானாலும் தலைமையுரை ஒருத்தருக்கு, சிறப்புரை ஒருத்தருக்கு, நன்றியுரை எனக்கு. (அதாவது, ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரம் எனக்கு.) அந்த இருபது வருடத்தில் ஒரு வித்தையைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அது நடப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும். "அடுத்த கூட்டத்துக்குப் பந்தல் போட்டுத் தரும் அரிசிக்கடை அண்ணாச்சிக்கு நன்றி" என்று மைக்கில் சொல்லிவிட்டால் போதும். அண்ணாச்சிக்கே விஷயம் அப்போதுதான் தெரியும். கூட்டம் கை தட்டிய பிறகு எங்கே மறுப்பது? என்னை முறைத்துக்கொண்டே கும்பிடு போடுவார். பந்தலும் வந்துவிடும்.

இந்த வித்தையை மூட்டை கட்டிக்கொண்டுதான் முதல் முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனேன்.

என் தொகுதியில் மருதக்குறிச்சி என்று ஒரு சிற்றூர். நாற்பது வீடு இருக்கும். ஊருக்கும் பஸ் வருகிற ரோட்டுக்கும் நடுவே தாமிரபரணியிலிருந்து பிரிகிற கால்வாய். கால்வாய்க்கு மேலே இரண்டு பனந்தடிகளைப் போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். அந்த ஊரிலிருந்து ஒருநாள் பேச்சியம்மாள் தன் மகள் இசக்கியைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். பேச்சியம்மாளுக்கு வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கிற வேலை. இசக்கிக்குச் சிறு வயதிலிருந்தே கால் இரண்டும் விளங்காது. டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலை பார்த்தாள். மூன்று சக்கர வண்டியைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் புளியமரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, இருபத்திரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பேச்சியம்மாள் தினமும் அந்தத் தடியைக் கடந்து வீட்டுக்குப் போவாள். காலையில் மறுபடியும் அதே சுமை.

"அண்ணாச்சி, இது ஏழாவது மனு," என்றாள் இசக்கி. "முந்தின ஆறையும் நாந்தான் அடிச்சேன். ஊருக்கெல்லாம் மனு அடிக்கேன், எல்லாருக்கும் ஏதாவது நடக்கு. எனக்குத்தான் நடக்கல."

"இனிமே நடக்கும் தாயி. சட்டசபையிலேயே கேட்டுருதேன்."

"எய்யா, எனக்கு இடுப்பு போச்சு," என்றாள் பேச்சியம்மாள். "நான் விழுந்துட்டா இவளை யாரு தூக்குவா? அதான் பயமா இருக்கு."

இசக்கி ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி என் கையில் தந்தாள். எந்த மாதம் ஆரம்பிப்பீர்கள், எந்த மாதம் முடிப்பீர்கள். "இது ரெண்டை மட்டும் கேளுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் பேசாதீய," என்றாள். (என்னை முன்பே யாரிடமோ விசாரித்திருக்கிறாள்.)

கேள்வி நேரத்தில் என் வினா வந்தது. வெள்ளைச் சட்டை மொடமொடக்க எழுந்து நின்று வினா எண்ணைச் சொன்னேன். அமைச்சர், மண் ஆய்வு முடிந்ததும் பாலப் பணி எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் படித்தார். அடுத்து நான் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். சட்டைப்பையில் இசக்கியின் சீட்டு இருந்தது. கையை உள்ளே விட்டு அதைத் தொட்டும் பார்த்தேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் மைக். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு தன்னால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

முதலில் கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னேன். பிறகு பேரவைத் தலைவருக்கு. பிறகு தொகுதி மக்களுக்கு. பிறகு, அரிசிக்கடை அண்ணாச்சியிடம் பலித்த வித்தை அமைச்சரிடம் பலிக்காமலா போகும் என்ற நினைப்பில், குரலை உயர்த்திச் சொன்னேன்: "மருதக்குறிச்சி மக்கள் கேட்டவுடன் பாலம் கட்டித் தந்து, அவர்கள் கண்ணீரைத் துடைத்த மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி!"

சபையே மேசையைத் தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "உறுப்பினர் கேள்விக்கு வாங்க," என்றார் பேரவைத் தலைவர். நான் கேள்விக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அமைச்சர் எழுந்து சிரித்தபடி, "உறுப்பினரின் நன்றியை ஏற்றுக்கொள்கிறேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். மாட்டியது யார் என்று தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஊருக்கு வந்தால் புளியமரத்தடியில் கட்சிக்காரர்கள் எனக்குப் பத்தடியில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள், 'பாலம் தந்த பண்பாளர்' என்று. அன்று மாலை இசக்கி போன் பண்ணினாள்.

"அண்ணாச்சி, பாலத்தை எங்கன வச்சிருக்காவ? நானும் அம்மையும் தேடிப் பாத்தோம். பிளக்ஸ்தான் இருக்கு."

"பைய வரும் இசக்கி. சொல்லியாச்சுல்ல."

பாலம் வரவில்லை. நானும் அதிகாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "பார்க்கிறோம் ஐயா" என்று ஒருமாதிரி நெளிந்தார்களே தவிர, ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை. சோம்பேறிகள் என்று வீட்டில் வந்து திட்டித் தீர்த்தேன்.

அப்போதுதான் என்னை ஒரு குழுவில் போட்டார்கள். சபையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கிற குழு. அது எங்கள் மாவட்டத்துக்கு வந்த அன்று குழுத் தலைவருக்குக் காய்ச்சல். உள்ளூர்க்காரர் என்று என்னைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பட்டியலைப் புரட்டினால் மருதக்குறிச்சிப் பாலம்! அதற்கு நேரே 'நிறைவேற்றப்பட்டது' என்று அச்சடித்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம். இன்றைக்கு ஒருத்தனும் தப்பக்கூடாது என்று இசக்கியையும் பேச்சியம்மாளையும் கார் அனுப்பி வரவழைத்து, மனுதாரர்கள் என்று சொல்லிக் கூட்ட அறையில் உட்கார வைத்தேன். அவர்கள் கண் முன்னாலேயே நியாயம் கிடைக்க வேண்டும் அல்லவா?

செயற்பொறியாளர் ஒல்லியான, சாந்தமான மனிதர். எழுந்து நின்றார்.

"இல்லாத பாலத்தை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எந்த ஆதாரத்துல?" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஐயா... அது வேண்டாம் ஐயா. தனியாச் சொல்லுதேன்."

"தனியா என்ன ரகசியம்? எல்லாருக்கும் கேக்கணும். மைக்கைப் போட்டுப் படிங்க!"

அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு. நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "மருதக்குறிச்சி மக்கள் கேட்டவுடன் பாலம் கட்டித் தந்து, அவர்கள் கண்ணீரைத் துடைத்த மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. அடைப்புக்குறிக்குள், மேசையைத் தட்டும் ஒலி."

தாளை மெதுவாக மேசையில் வைத்தார்.

"தொகுதி உறுப்பினரே சபையில நன்றி சொன்ன வேலையை, முடியலன்னு எழுத எங்களுக்கு எப்படி ஐயா தைரியம் வரும்?" என்றார் பாவம், அழுகிற குரலில். "அதோட கோப்பை முடிச்சிட்டாவ."

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "தலைவரே, சாட்சியை விசாரிக்கணும்னா இப்ப உங்களைத்தான் கூண்டுல ஏத்தணும்."

நான் இசக்கியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இரண்டு வருடம், தினம் இரண்டு தடவை, என் வாயால் அவள் அம்மா அவளைச் சுமந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

மதியம் குழு நேரில் பார்க்கப் போனது. கால்வாயில் ஐப்பசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அக்கரைக்குப் போய்விட்டாள். தலைவராயிற்றே என்று அடுத்து நான் ஏறினேன். நடுவில் போனதும் தடி லேசாக உருண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கடைசியில் வேட்டியைத் தூக்கிக் கட்டி, குதிரை ஏறுகிற மாதிரி தடியில் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். குழுவே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அக்கரையில் அம்மா இடுப்பில் இருந்தபடி இசக்கி சத்தமாகச் சொன்னாள்:

"அண்ணாச்சி, பாலத்துல பைய வாங்க! அமைச்சர் கட்டுனது!"

மூடிய கோப்பைத் திறக்க ஒரே வழிதான் இருந்தது. நான் சொன்னது தவறு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் தேர்தல். அந்தத் தாள் வெளியே வந்தால் எதிர்க்கட்சிக்காரன் சுவர் சுவராக ஒட்டுவான். வீட்டில் என் மனைவி கோமதியிடம் புலம்பினேன். "பத்தடிப் பிளக்ஸுக்கு நின்னு போஸ் குடுத்தீயள்ல, ஒரு தாளுக்கு என்ன?" என்றாள்.

மறுநாள் இசக்கியின் ஜெராக்ஸ் கடைக்கே போனேன்.

"‘கவனக்குறைவால்’ன்னு போடலாமா இசக்கி?"

"‘முந்திரிக்கொட்டைத்தனத்தால்’ன்னு போடட்டுமா?" திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். கடைசியில், 'நான் நன்றி தெரிவித்த பாலம் அங்கே இல்லை' என்று ஒரே வரியாக அடித்தாள். போட்டேன் கையெழுத்து.

எதிர்பார்த்தபடி சுவர் சுவராக ஒட்டினார்கள். தேர்தலில் தோற்றேன். (அதற்கு வேறு பதினாறு காரணங்கள் இருப்பதாகக் கட்சியில் சொன்னார்கள். எனக்கு இது ஒன்றே போதும்.) ஆனால் கோப்பு திறந்தது, பாலமும் வந்தது. திறப்பு விழாவில் முன்னாள் உறுப்பினராக ஓரமாக நின்றேன். மைக் பக்கமே போகவில்லை. இசக்கி வண்டியை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள், மறுபடியும் வந்தாள். பேச்சியம்மாள் சும்மா கையை வீசிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இசக்கி என் பக்கம் வந்து வண்டியை நிறுத்தினாள். "ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. பாலம் நிக்கு. இப்ப சொல்லலாம்."

"என்னது?"

"நன்றி."

இப்போதும் எங்கள் வீட்டில் சாப்பாடு போட்டவுடன், பழக்க தோஷத்தில், "குழம்பு பிரமாதம்" என்று சொல்லிவிடுவேன். கோமதி கரண்டியைக் கீழே வைப்பாள். இரண்டு கையாலும் மேசையைத் தடதடவென்று தட்டுவாள்.

"குழம்பு இன்னும் அடுப்புல இருக்கு. அது ரசம்."