வட்டச் சட்டம்பியாரும் வெளியே போன வாங்குகளும்

எங்கள் ஊர்ப் பாடசாலையின் ஆண்டுநிறைவு மலர் அண்மையில் என் கைக்கு வந்தது. மணிக்கூடு தந்தவர், கிணற்றுக்குக் கப்பி தந்தவர், கூரைக்கு ஓலை தந்தவர் யாவருக்கும் அதில் படமும் பந்தியும் உண்டு. கீழ்வகுப்பில் இருபது ஆண்டுகள் எழுத்தறிவித்த ஒருவருக்கு மட்டும் ஒரே வரி: ‘கற்பித்தலில் ஒழுங்குமுறை பேணாதவர்.’ அவ்வரி அச்சில் நிற்க, என் பேனா உறையினுள் உறங்குதல் முறையன்று. ஆகவே இதனை எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவரைப்போல் ஆணைக்கு அடங்காத மனிதர் அவருக்கு முன் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. தம் பணிக்காலம் முழுவதிலும் அவர் கீழ்ப்படிந்தது ஒன்றற்கே. அது பாடசாலை மணி. அதனை அடிப்பவரும் அவரே.

ஆசிரியரைச் சட்டம்பியார் என்று வழங்குதல் அக்கால யாழ்ப்பாண மரபு. இவர் வட்டச் சட்டம்பியார். இயற்பெயர் ஒன்றும் இருந்திருத்தல் வேண்டும். அதனை அறிந்தவர் தபாற்காரர் ஒருவரே. மருதனார்மடத்திலிருந்து வடக்கே நடந்து செல்லும் தொலைவில், புகையிலைத் தோட்டங்களின் நடுவே எங்கள் பாடசாலை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த புதிய ஆசிரியன். அவருடைய வகுப்புக்கும் என்னுடைய வகுப்புக்கும் இடையே ஓர் ஓலைத்தட்டி. ஆதலின், அவரைப்பற்றி நான் கண்டது குறைவு, கேட்டது மிகுதி. தட்டியில் ஓர் ஓட்டை விழுந்த பின்னர் இரண்டும் சமமாயின.

பிள்ளைகள் எழுதிப் பழக மணல் வேண்டும். எங்கள் ஊர் மண்ணோ செம்மண். அதில் எழுதிய பிள்ளை, அன்று கற்ற பாடம் முழுவதையும் உடுப்பிற் சுமந்துகொண்டு வீடு செல்லும். தாய்மார் முறையிட்டனர். இனிமேற் கற்பலகை கொண்டு எழுதுவிக்குமாறு தலைமையாசிரியர் பணித்தார். பணித்தமையே பிழையாயிற்று. மறு சனிக்கிழமை சட்டம்பியார் மாட்டுவண்டி பிடித்து வடகடற்கரைக்குச் சென்று, வண்டி நிறைய வெண்மணல் அள்ளி வந்து வகுப்பிற் கொட்டினார். திங்கட்கிழமை உள்ளே கால்வைத்த தலைமையாசிரியர் செருப்பளவு புதைந்து நின்று, இது வகுப்போ கடற்கரையோ என்று வினவினார். அலை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்று பணிவோடு விடை வந்தது.

அவருடைய கல்விச் சட்டம் ஒன்றே. வாயினாற் கேட்டால் எதுவும் கிடையாது. மணலில் எழுதிக் கேட்டால் எதுவும் கிடைக்கும். தாகமெடுத்த பிள்ளை ‘தண்ணி’ என்று எழுதியாக வேண்டும். வீட்டு நினைவு வந்த பிள்ளை ‘வீடு’ என்று எழுதியாக வேண்டும். அகரத்தில் தொடங்கி ஒழுங்காக ஏறிச் சென்ற ஏனைய பள்ளிப் பிள்ளைகள் மூன்று திங்களில் உயிரெழுத்தைத் தாண்டாதிருக்க, இவருடைய பிள்ளைகள் மூன்றாம் வாரத்திலேயே பிழையின்றி விடுமுறை எடுக்கக் கற்றிருந்தனர்.

ஒருநாள் கோயில் விழாவுக்கென ஓர் ஆனையைத் தெருவழியே நடத்திச் சென்றனர். எங்கள் பகுதியில் ஆனை என்பது கதையில் வருவது, தெருவில் வருவதன்று. சட்டம்பியார் குனிந்து பார்த்தார். மணல் முழுவதும் ‘ஆனை’. பதினாறு பிள்ளைகளில் பதினைவர் அடுத்த நொடி வேலியோரம் நின்றனர். தலைமையாசிரியர் ஓடிவந்தார்.

“ஆரைக் கேட்டு உதுகளை வெளியிலை விட்டனீர்?”

“அதுகள்தான் என்னைக் கேட்டதுகள் ஐயா. வடிவா எழுதிக் கேட்டதுகள். நான் எப்பிடி மறிக்கிறது?”

இவ்வாறு கூறிவிட்டு அவர் விரைந்து தெருவுக்குச் சென்றார். உள்ளே ஒரு பிள்ளை இன்னும் எழுதி முடிக்கவில்லை. அது முடிக்கும்வரை ஆனையை நிறுத்தி வைக்குமாறு பாகனோடு வாதாடச் சென்றார் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனை நின்றது. பாகனுக்கு வேறு வழி இருந்திராது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்கன. இனி வருவது அத்தகையதன்று.

உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்துதல் வேண்டும் என்று அக்காலத்தில் அரசாங்கக் கட்டளை பிறந்தது. கட்டளை எங்கள் ஊருக்கும் வந்தது, சமம் வரவில்லை. வாங்குகள் என்னும் நீண்ட மர இருக்கைகளில் அமர்ந்தவர்கள் தோட்டம் உடையோரின் பிள்ளைகள். அத்தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தோரின் பிள்ளைகள் நால்வர், சாதியின் பெயரால், வாங்குகளுக்குப் பின்னே வாசலோரத்தில் வெறுந்தரையில் இருந்தனர். பாடசாலையை நடத்திய பெரியவரை ஊரார் மனேச்சர் என்று அழைப்பர். பெரும் புகையிலைத் தோட்டக்காரர்; அச்சுப்போன்ற தம் கையெழுத்தில் அளவற்ற பெருமை உடையவர். அவர் கட்டளைக்குப் புத்துரை கண்டார். வாங்கில் இருப்போர் வாங்கில் ஒருவருக்கொருவர் சமம். தரையில் இருப்போர் தரையில் ஒருவருக்கொருவர் சமம். இதில் அரசாங்கத்துக்கு என்ன குறை என்று கேட்டார்.

வட்டச் சட்டம்பியார் அவ்வுரையைக் கேட்டுத் தலையசைத்தார். அவர் தலையசைத்தல் நல்ல அறிகுறியன்று. மறுநாட் காலை அவருடைய வகுப்பு வாங்குகள் யாவும் கிணற்றடியில் நின்றன. பதினாறு பிள்ளைகளும் வெண்மணலில் வட்டமாக இருந்தனர். நடுவில் ஒரு பலகை. பலகைமேற் பெரிய எழுத்தில் அமைந்த வாசிப்புப் புத்தகம். வகுப்புக்கு இருந்த நற்புத்தகம் அது ஒன்றே. அவருக்குப் பெயர் வந்த வரலாறும் இதுவே.

மனேச்சர் நண்பகலில் வந்தார். தட்டியின் ஓட்டை எனக்கு அன்று பெரிதும் பயன்பட்டது.

“சட்டம்பியார், வாங்குகள் எங்கை?”

“கிணத்தடியிலை ஐயா. வெயிலும் மழையும் எல்லாத்துக்கும் சமமாப் படுது.”

“உந்த நாலு பேரையும் பழைய இடத்திலை இருத்தும்.”

“வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை ஐயா. அது முடியிற இடத்தைக் காட்டுங்கோ. அதிலை இருத்திறன்.”

மனேச்சர் வட்டத்தை இருமுறை சுற்றிவந்தார். முடிவு அகப்படவில்லை. செருப்பினுள் மணல் மட்டும் அகப்பட்டது. அதனை உதறிக்கொண்டே வெளியேறினார்.

மறுநாள் எழுவர் வரவில்லை, பெற்றோர் மறித்துவிட்டனர். சட்டம்பியார் வரவுப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டு வேலியின் வாசற் படலையிலும் போய் நின்று, பிள்ளையின் பெயரை ஊர் கேட்கக் கூப்பிட்டார். பழக்கத்தினாற் பிள்ளை உள்ளேயிருந்து “ஓம் ஐயா” என்றது. அவர் வரவு குறித்துக்கொண்டு அடுத்த படலைக்கு நடந்தார். இவ்வாறு இருவாரம் நடந்தது. வீட்டில் அடைபட்ட பிள்ளைகள் முற்றத்தில் மணலில்லாமையால் ‘பள்ளிக்கூடம்’ என்று சுவர்களிற் கரியால் எழுதி அவற்றைப் பாழாக்கினர். பெற்றோர் சுவரையாவது காப்போம் என்று கருதி அவர்களை அனுப்பிவைத்தனர்.

இறுதியில் மனேச்சர் வழி கண்டார். ஆண்டுதோறும் பாடசாலைகளை ஆய்வு செய்ய வரும் அரசாங்க அலுவலருக்கு வித்தியாதரிசி என்று பெயர். அவர் வரும் நாளிற் கீழ்வகுப்பு வாசிப்பில் தவறினால் சட்டம்பியார் விலகிப் போக வேண்டும். வாங்குகள் உள்ளே வரும். நால்வரும் வாசலுக்குத் திரும்புவர். இதனை எல்லா ஆசிரியர் முன்னிலையிலும் அவர் அறிவித்தார். அன்று மாலை சட்டம்பியார் தட்டிக்கு அப்பால் நின்றபடி என்னிடம் சொன்னதை மறவேன்.

“நான் வீட்டை போறது பெரிசில்லைத் தம்பி. அதுகள் நாலும் ஒருக்கால் வாசலுக்குத் திரும்பிப் போச்சுதெண்டால், பிறகு ஆரும் உள்ளுக்கு எடுக்கமாட்டினம்.”

ஆய்வு நாள் வந்தது. கோட்டு அணிந்த வித்தியாதரிசி மேசை முன் அமர்ந்தார். அருகே நாற்காலியில் மனேச்சர். முதலில் வந்த சிறுவன் புத்தகத்தை வாங்கினான். அதனைப் பக்கவாட்டில் திருப்பி, கதவைச் சாத்துபவன்போல் நிறுத்திவைத்துக்கொண்டு, தடையின்றி வாசித்தான். வித்தியாதரிசி புருவத்தை உயர்த்தினார். இரண்டாமவன் புத்தகத்தை மூலைவாட்டில் பிடித்துத் தலையைச் சாய்த்து வாசித்தான். மூன்றாவதாக வந்தவள் அந்நால்வருள் ஒருத்தி, சின்னாச்சி என்று பெயர், ஏழு வயது. புத்தகத்தை இரு கைகளாலும் வாங்கி, மரியாதையோடு தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

“பிள்ளை, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறாய்.”

“இல்லை ஐயா. நீங்கள்தான் தலைகீழாத் தந்தனீங்கள்.”

அப்போதுதான் எங்களுக்கு உண்மை விளங்கிற்று. வட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஓரிடம் பற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் அவ்விடத்திலேயே இருந்தது. நடுப்பலகையிற் புத்தகமோ ஒரே திசை நோக்கிக் கிடந்தது. அதன் அடிப்பக்கம் இருந்த இருவர் மட்டும் உலகத்தார்போல் வாசிக்கக் கற்றனர். ஏனையோர் எழுத்துகளைத் தத்தம் இடத்திலிருந்து கண்டவாறே கற்றனர். மணலில் எழுதியதும் அவ்வாறே; அடிப்பக்கம் நின்று நோக்கிய சட்டம்பியாருக்கு எல்லாம் நேராகவே தெரிந்தன. எதிரே இருந்த சின்னாச்சிக்கு எழுத்து என்பதே தலைகீழாக நிற்கும் பொருள். தமிழ் கற்பித்த நூற்றுக்கணக்கான ஆண்டுகளில் இப்பிழையைச் செய்தவர் எங்கள் சட்டம்பியார் ஒருவராகவே இருத்தல் வேண்டும்.

வித்தியாதரிசி வேறு முடிவுக்கு வந்தார். எழுத்தறியாப் பிள்ளைகள் பாடத்தை மனனஞ்செய்து ஒப்பிக்கின்றன என்று கருதிப் பேனாவை எடுத்தார். மனேச்சர் நாற்காலியிற் சாய்ந்துகொண்டார். ஓட்டைவழியே சட்டம்பியாரின் முகம் வாடக் கண்டேன். அதற்கு முன் அது வாடி நான் கண்டதில்லை. ஆயினும் அவர் மேசையருகே வந்தார்.

“பிழை என்ரை ஐயா. புத்தகத்தைத் திருப்பிப் போடவேணுமெண்டு எனக்குத் தோன்றேல்லை. ஆனால் பிள்ளையளுக்கு வாசிக்கத் தெரியும். இவள் முன்னம் கண்டிராத ஏதும் குடுத்துப் பாருங்கோ.”

கண்டிராத பொருளுக்காக வித்தியாதரிசி இங்குமங்கும் நோக்கினார். சின்னாச்சி நோக்கவில்லை. மேசைக்கு எதிர்ப்புறம் நின்ற அவள் கண்முன்னே, வித்தியாதரிசியை நோக்கி ஒரு தாள் விரிந்து கிடந்தது. அவளுக்கு அது தலைகீழ், அஃதாவது நேர். அவள் விரலை ஊன்றி எழுத்தெழுத்தாகத் தொடங்கினாள்.

“இவ் வகுப்பிலுள்ள… பிள்ளைகளுள்… ஒருவருக்கேனும்… ஓரெழுத்தும்… வாசிக்கத்… தெரியாது…”

அது சட்டம்பியாரை நீக்குமாறு கேட்டு மனேச்சர் இரகசியமாக அனுப்பிய பெட்டிசம். அச்சுப்போன்ற கையெழுத்து, ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஓரிடத்திலும் தடை நேரவில்லை. வித்தியாதரிசி திடுக்கிட்டுத் தாளைக் கையினாற் பொத்தினார்.

“கையை எடுங்கோ ஐயா. மிச்சம் தெரியேல்லை.”

பின்னர் வித்தியாதரிசி மனேச்சரை நோக்கி, எழுத்து அவருடையதுதானா என்று மெல்லக் கேட்டார். ஓம் என்பதன்றி மனேச்சருக்கு வேறு விடை இல்லை. அவ்வாறாயின் பிள்ளை சரியாக வாசித்திருக்கிறது, அதில் எழுதியிருப்பது மட்டுமே பிழை என்று கூறி வித்தியாதரிசி தாளை மடித்தார்.

வேறொருவராயின் இவ்விடத்திற் கும்பிட்டு ஒதுங்கியிருப்பர். நாளை முதல் வாங்குகளைப் போட்டு வரிசையாக இருத்துமாறு வித்தியாதரிசி நயமாகச் சொன்னபோது, சட்டம்பியார் இருகைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

“மாட்டன் ஐயா. புத்தகத்தைத் திருப்பிறன். பிள்ளையளைத் திருப்பமாட்டன்.”

வித்தியாதரிசி அவரை நோக்கினார். பின் வட்டத்தை நோக்கினார். அந்நால்வர் எவரெவர் என்று தேடினார் போலும். தேடிக் கண்டுகொள்ள இயலவில்லை. பாடசாலைக் குறிப்பேட்டில் ‘வாசிப்பு நன்று, இருக்கை சமம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அரசாங்கத்தின் எழுத்தை அழிக்க மனேச்சராலும் ஆகவில்லை. அன்றுமுதல் நடுப்பலகை நாளுக்கொரு திசை திரும்பிற்று. சட்டம்பியாருக்கு மட்டும் பதவி உயர்வு எந்தத் திசையிலிருந்தும் வரவில்லை. அவர் அதனை எழுதிக் கேட்டதுமில்லை.

மறு ஆண்டு அப்பிள்ளைகள் என் வகுப்புக்கு ஏறினர். என் வகுப்பில் வாங்குகள் இருந்தன. அவற்றின் பின்னே வெறுந்தரையும் இருந்தது. மனேச்சருக்கு அஞ்சி நான் எதனையும் மாற்றவில்லை என்பதை இங்கே மறைத்தல் தகாது. முதல் நாட் காலையில் நால்வரும் வாசலில் நின்று என்னைப் பார்த்தனர். சின்னாச்சி எங்கே இருப்பது என்றும் கேட்கவில்லை. வட்டச் சட்டம்பியார் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. முதல் வாங்கின் ஒரு முனையைப் பிடித்தார். இது கீழ்வகுப்புச் சிறுவாங்கன்று; பாலைமரத்தாற் செய்தது, ஒருவரால் தூக்கலாகாது.

“பிடியும் தம்பி” என்றார்.

நான் மறுமுனையைப் பிடித்தேன்.

நிகழ்ந்து நெடுங்காலம் சென்றது. ஆண்டு, பிள்ளைகளின் தொகை, ஆனை நின்ற நேரம் ஆகியவற்றிற் பிழை நேர்ந்திருத்தல் கூடும். அறிந்தோர் எழுதித் திருத்துவார்களாக. அன்று வெளியே சென்ற வாங்குகள் ஐந்து என்று நான் கொள்கின்றேன். ஆறு என்பாரும் உளர். எத்தனையாயினும் ஆகுக. ஒவ்வொன்றின் மறுமுனையிலும் நின்றவர் அவர். இதில் மட்டும் எவருடைய திருத்தத்தையும் நான் ஏற்பதற்கில்லை.