முன் அச்சைத் திறக்க வேண்டாம்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். தங்கள் மருமகளும் நலம். தங்கள் ஜீப் நாலு மரக்கட்டைகள்மேல் நிற்கிறது, மற்றபடி அதுவும் நலமே. தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவலாக இருக்கிறோம்.

இதை நான் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன சனிக்கிழமையிலிருந்து தாங்கள் போனை எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தீர்கள், எடுத்து, "ராங் நம்பர்" என்று தங்கள் சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாமல் போனாலும் இந்த ஒரு வரியாவது தங்கள் கண்ணில் பட வேண்டும்: தபால் நிலைய மேட்டில் நடந்த அந்தக் கூத்துக்கு என் மகள் காரணம் இல்லை, நான்தான் காரணம். அவள் நடுரோட்டில் "என் தப்புதான் மாமா" என்று சொன்னாளே, அது பொய்.

நான் முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஊரார் தப்பைத் தேடித் தேடியே வயிறு வளர்த்தவன். பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையைக்கூட நானேதான் பிழை பார்த்து அச்சுக்குக் கொடுத்தேன். அதில் மணமகளின் பெயருக்குக் கீழே ‘வாகனப் பணிமனை நடத்துபவர்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். தாங்கள் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க, பட்டதாரின்னு போட்டாப் போதாதா" என்றீர்கள். சரி என்று மறுபடி அச்சடித்தோம். முதலில் அடித்த கட்டைத் தாங்களே வாங்கிக்கொண்டு போய், கொளுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். அதை இப்போது குறையாகச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து மூன்று வருஷத்தில், ‘உங்க மருமக என்ன பண்றா’ என்று யார் கேட்டாலும் "ஏதோ வண்டி சம்பந்தமா" என்று தாங்கள் முடித்துக்கொள்வதையும் குறையாகச் சொல்லவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட தாங்கள் போன மாதம் ஜீப்பை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் அவள் கொட்டகைக்கே வந்து நின்றபோது, என் மனைவி அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அப்பேர்ப்பட்ட சந்தோஷம்.

அந்த ஜீப்பைத் தாங்கள் ‘மூத்தவன்’ என்றுதான் சொல்வீர்கள். எங்கள் மாப்பிள்ளை தங்களுக்கு இரண்டாவது பிள்ளைதான் என்பதை நாங்கள் நிச்சயதார்த்தத்தன்றே புரிந்துகொண்டோம். அந்த முறைப்படி பார்த்தால் ஜீப் என் மகளுக்கு மூத்தார் ஆகிறது. மூத்தார் முன்னால் நிற்கவே கூசும் பெண்கள் உண்டு, இவளோ மல்லாக்கப் படுத்து அவருக்கு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, பின் அச்சு வளைஞ்சிருக்கு. தட்டி நிமித்துனா நிக்காது. முழுசா மாத்தணும்" என்றாள். தாங்கள் சம்மதித்தீர்கள். போகும்போது ஒரு நிபந்தனையும் போட்டீர்கள்: "முன் அச்சை மட்டும் திறக்க வேண்டாம். கம்பெனியிலேர்ந்து வந்த நாள் முதலா அதுல யார் கையும் படல." இன்னொன்றும் சொன்னீர்கள். இந்த மாதக் கடைசி ஞாயிறு ஜீப் சங்கத்தார் மலை ஏறும்போது மூத்தவனும் ஏறிவிட்டால், சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் ‘இது என் மருமகள் செஞ்ச வேலை’ என்று சொல்வதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டு அவள் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த ஸ்பானரைத்தான் மறுபடி துடைத்தாள், நான் பார்த்தேன்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. இதே கம்பெனி வண்டி ஒன்று ஓட்டம் முடிந்து கழித்துப் போட்டிருந்ததை அவள் தேடிப் பிடித்து, அதிலிருந்து கனமான பின் அச்சை முழுசாகக் கழற்றிக் கொண்டுவந்தாள். அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே, அந்த டிஃபரன்ஷியலைத் திறந்து, உள்ளே இருக்கும் பெரிய கிரவுன் சக்கரத்தையும் சின்னப் பினியனையும் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தாள். எனக்கு எண்ணெய்த் துணி நீட்டும் உத்தியோகம். அப்போது அவள் விளக்கிச் சொன்னாள்: "அப்பா, முன்னாடி அச்சுலயும் பின்னாடி அச்சுலயும் பல் கணக்கு ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நாலு சக்கரத்தையும் சேத்து இழுக்கறப்ப முன்னது ஓடும், பின்னது இழுத்துப் பிடிக்கும். ரெண்டும் சண்டை போடும்." பிறகு எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். முன் அச்சைத் திறக்காமலே கணக்குப் பார்க்க வழி இருக்கிறதாம். முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, எஞ்சினிலிருந்து அந்த அச்சுக்கு வரும் தண்டில் ஒரு கோடு. சக்கரம் பத்துச் சுற்று சுற்றுவதற்குத் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். பின் அச்சை அவளே எண்ணி, சிலேட்டில் நாற்பத்தொன்பது என்று எழுதி வைத்திருந்தாள். "முன்னாடியும் நாப்பத்தொன்பது வரணும்பா. பொறுமையா எண்ணுங்க" என்றுவிட்டு வெல்டிங் பக்கம் போனாள்.

நான் எண்ணினேன். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு எண்ணினேன். இருபத்தேழு வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. எடுத்தால், தாங்கள்! "என்ன சம்பந்தி, முன் அச்சுல யாரும் கை வைக்கலையே?" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் இடது கை அப்போது தங்கள் முன் சக்கரத்தின் மேலேயே இருந்தது. "சேச்சே, இல்லவே இல்ல சம்பந்தி" என்றேன். போனை வைத்த பிறகு, இருபத்தேழா முப்பத்தேழா என்று மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்துப் பெரியவர், கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகு, அவர் வார்த்தையைச் சந்தேகப்பட்டு அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்ன மரியாதை? எழுந்து போய்ச் சிலேட்டில் நாற்பத்தொன்பது என்று எழுதிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்திலும் அதற்குப் பிறகும் மூலத்தைப் பார்க்காமல் நான் சரி போட்டது அந்த ஒரே தடவைதான் சம்பந்தி, அது தங்கள்மேல் வைத்த மரியாதையால் வந்த வினை.

மீதியைத் தாங்கள் அறிவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். தாங்கள் ஸ்டியரிங்கில், என் மகள் பக்கத்தில், நானும் என் மனைவியும் பிளாஸ்க்கோடு பின்னால். தபால் நிலைய மேடு வந்ததும், "பாப்போம் உன் வேலைய" என்று தாங்கள் நாலு சக்கரத்தையும் சேர்க்கும் லிவரைப் போட்டீர்கள். பத்தடி போகவில்லை, மூத்தவன் குதித்தான். டயர் கிறீச்சிட்டது, அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் டணார் டணார் என்று சத்தம், பிளாஸ்க் மூடி கழன்று டீ முழுக்க என் வேட்டியில், "ஏங்க, சூடா இருக்கா?" என்று என் மனைவி கேட்கிறாள், வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றே விட்டது, லிவர் வரவே மாட்டேன் என்கிறது, பின்னால் இருபது வண்டி ஹாரன், தபால்காரர்கள் அத்தனை பேரும் ஜன்னலில். அவள் மட்டும் பதறவில்லை. இறங்கி, அந்தத் தார் ரோட்டில் அப்படியே படுத்து, ஜாக்கியை வைத்து ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினாள். தரையை விட்டதுதான் தாமதம், சக்கரம் தானாகப் படாரென்று அரைச் சுற்று சுற்றி நின்றது. லிவர் வந்துவிட்டது. முழங்கை சிராய்த்து எழுந்து வந்து, "என் தப்புதான் மாமா" என்றாள். அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, சிலேட்டில் நான் எழுதியது எண்ணாமல் எழுதிய கணக்கு என்று. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் தங்களுக்கும் புரிந்துவிடும் அல்லவா. நானோ வேட்டியைப் பிழிந்துகொண்டு சும்மா இருந்தேன். தாங்கள் இடுப்புக்கு வைக்கும் மெத்தையை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். எங்கள் வீட்டிலிருந்து எப்போது கிளம்பினாலும் "வரேன்" என்பீர்கள். அன்றைக்கு "போறேன்" என்றீர்கள். என் மனைவி அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், "நான் யார் பக்கமும் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். "தெரியும்பா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே தங்களை இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தை என்மேல் வையுங்கள், நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன். முன் அச்சைத் திறந்து பார்க்க அவளுக்கு அனுமதி கொடுங்கள், தாங்கள் வாய்திறந்து சொல்லாமல் அதில் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொட மாட்டோம், இது சத்தியம். கடைசி ஞாயிறு அவசியம் வாருங்கள். தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு. தங்கள் முழங்காலுக்கு என் மனைவி தைலம் கொடுத்தனுப்புகிறாள், சூடு பறக்கத் தேய்க்க வேண்டுமாம். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் தேயாத மூட்டுகளோடும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பிற்கு என்றும் கட்டுப்பட்ட சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று மத்தியானம் கொட்டகைக்குப் போனால், முன் அச்சு திறந்து கிடக்கிறது. சத்தியம் செய்தது நான்தான், அவள் இல்லையே.

உள்ளே இருந்த கிரவுன், கம்பெனி போட்டது இல்லை சம்பந்தி. வேறு பல் கணக்கு. தண்டு நாற்பத்தொரு சுற்றுத்தான் சுற்றுகிறது. யாரோ எங்கோ பழைய சாமான் கடையில் வாங்கி, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று பல்லை எண்ணாமல் மாட்டியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மூடிக்கும் அச்சுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு பேக்கிங் வைப்பார்கள். அதைக் கெட்டி அட்டையில் கையாலேயே வெட்டியிருந்தார்கள். எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகை. நான் பிழை பார்த்த பத்திரிகை எனக்குத் தெரியாதா? அதுவும் முதல் கட்டு. தாங்கள் கொளுத்திய கட்டு. கீழ் விளிம்பில் அவள் பெயரும், அதற்கு அடியில் ‘வாகனப் பணிமனை நடத்துபவர்’ என்ற வரியும் ஓர் எழுத்துக்கூட வெட்டுப்படாமல் இருந்தன. கத்தரி அந்த இடத்தில் வளைந்து போயிருக்கிறது.

மூன்று வருஷமாகத் தாங்கள் முழங்காலைச் சாக்குச் சொல்லி, சங்கத்தார் மலை ஏறும்போதெல்லாம் கீழேயே நின்று அவர்கள் சாப்பாட்டுக் கூடைக்குக் காவல் இருந்ததன் காரணமும் இப்போதுதான் எனக்குப் புரிந்தது: அந்தக் கிரவுனை மாட்டியதிலிருந்து, லிவரைப் போட்டாலே மூத்தவன் குதித்திருப்பான். எங்கள் வீட்டு மூன்று மாடியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிற முழங்கால் அது. வளைந்த பின் அச்சுதான் கோளாறு என்று தாங்கள் நம்பியிருக்கிறீர்கள், அதை மாற்றினால் ஏறிவிடும் என்று நம்பித்தான் அன்றைக்கு லிவரைப் போட்டீர்கள். தாங்கள் பல்லை எண்ணவில்லை, நான் சுற்றை எண்ணவில்லை. நல்ல சம்பந்தம்தான்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பேக்கிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மாமாவுக்குத் தெரிய வேண்டாம்பா. நம்ம தப்பாவே இருக்கட்டும்" என்றாள். கழித்துப் போட்ட வண்டியின் முன் அச்சில் இருந்த கிரவுனையும் பினியனையும் கழற்றி இதில் மாட்டினாள், எண்ணினாள், நாற்பத்தொன்பது. இந்தத் தடவை நானும் எண்ணினேன், போனை அணைத்துவிட்டு. மூடி போடும் நேரம் கடைப் பேக்கிங்கை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றுவிட்டு, "முதல் கட்டுல ஒண்ணு நீங்க எடுத்து வெச்சிருந்தீங்கல்ல?" என்று கேட்டாள். பீரோவில் இருந்தது, கொடுத்தேன். பழையதை மேலே வைத்துக் கோடு கிழித்து, அதே அளவில், அதே இடத்தில் வளைத்து வெட்டிப் போட்டு மூடினாள். என்றைக்காவது தாங்கள் திறந்து பார்த்தால், வைத்தது வைத்தபடி இருக்க வேண்டுமாம். பழையதைத் துடைத்து, ஸ்பானர் பெட்டியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். மூன்று வருஷத்தில் அது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையாம், அதை மட்டும் ரெண்டு தடவை என்னிடம் சொன்னாள்.

எனவே மேலே ‘நான்தான் காரணம்’ என்று எழுதியது முழுவதும் சரியில்லை, பாதி சரி. மிச்சப் பாதி நம் இருவருக்குள் இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பு அவளுக்குத் தெரியாது, படித்ததும் கொளுத்திவிடுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே கொளுத்துங்கள். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் படித்துத்தான் கோபம் ஆறியதுபோல் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். ஒன்றும் விளக்க வேண்டாம். "ஞாயித்துக்கிழமை வரேம்மா" என்றால் போதும்.