முதல் பெட்டியை யார் கொடுப்பது

இதில் நீங்கள் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. அதற்காக இப்போதே சிரித்துத் தொலைக்காதீர்கள். முதலில் அப்பாவின் தக்காளியைப் பார்த்துவிடுவோம்.

மொத்தம் இருபத்திரண்டு பெட்டி. பன்னிரண்டு மணிக்குள் விற்றால் தக்காளி, அதற்குமேல் சாறு. வியாபாரி விடிந்ததிலிருந்து எதிரிலேயே நிற்கிறார், விலையும் நியாயமாகத்தான் கேட்கிறார். அப்பா பெட்டிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வரிசை முழுக்க அப்படித்தான். ஏனென்றால் கண்ணாடி மாமா இன்னும் கொடுக்கவில்லை. அவருக்குத்தான் நிலம் அதிகம். அவர் வண்டி சந்தை வாசலில் நிற்கிறது, ஆளைக் காணோம். அவர் கொடுக்காமல் மற்றவர்கள் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்றைக்கோ மீறியிருப்பார்கள்.

சிறு விவசாயிகள் விற்காமையின் காரணத்தைக் கண்டறியும் பொருட்டு மேலிடம் ஓர் அலுவலரை அனுப்பியிருந்தது. படிவத்தோடு வந்தார்.

"யார் தடுத்தாங்க?"

"யாரும் தடுக்கல சார்," என்றார் அப்பா.

"அப்ப விக்க வேண்டியதுதானே?"

"அதெப்படி சார்? நல்லாவா இருக்கும்?"

"யாருக்கு நல்லா இருக்காது?"

அப்பா யோசித்தார். "பொதுவா."

படிவத்தில் 'பொதுவா' என்று கட்டமே இல்லை. மேலிடத்துடன் கால்மணி நேரம் தொலைபேசியில் கலந்தாலோசித்தபின், மேற்படி காரணம் 'இயற்கைச் சீற்றம்' என்ற தலைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது.

"எத்தனை நாளா சீறுது?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து சார்."

அதையும் எழுதிக்கொண்டார்.

மணி பதினொன்று. அடிப்பெட்டியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. அப்பா அதைக் காலால் மறைத்தார். போன வாரமும் இப்படித்தான் பாதி வீணாயிற்று. இதுவும் போனால் அடுத்த நடவுக்கு நாற்று கிடையாது, நிலம் சும்மாதான் கிடக்கும்.

எனக்கு எல்லார் குரலும் வரும். தலைமையாசிரியை குரலில் பள்ளிக்கே ஒருமுறை விடுமுறை விட்டிருக்கிறேன். மாமா குரல் ரொம்பச் சுலபம், பாதி மூக்கு, பாதி இருமல். எடைமேடைக்குப் பின்னால் இருந்த சந்தை அலுவலகத்துக்குள் நழுவினேன். அங்கே இருந்த போனில் அப்பாவின் செல்போனுக்கு அழைத்தேன்.

"க்கும். நான்தாம்ப்பா."

"சொல்லுங்க மாமா." அப்பா எழுந்து நிற்பது குரலிலேயே தெரிந்தது.

"நான் குடுத்துட்டேன். நீயும் குடுத்துரு. க்கும்."

அப்போது அப்பாவின் பக்கத்திலிருந்து இன்னொரு இருமல் கேட்டது. அசல் இருமல். மாமாவே அங்கே வந்து நிற்கிறார்.

"யாருப்பா போன்ல?"

"நீங்கதான் மாமா," என்றார் அப்பா, பேச்சுவாக்கில். "குடுத்துட்டீங்களாம்."

"நான் குடுத்துட்டேனா?" என்றார் மாமா. "அப்பாடா. முதல்ல குடுத்தா, இவ்வளவு நிலத்தை வெச்சுக்கிட்டும் காசுக்கு அலையறான்னு சொல்லுவீங்களேன்னுதான் இத்தனை வருஷமா வண்டியை வாசல்ல விட்டுட்டுச் சுத்திட்டிருந்தேன்."

"நாங்க அப்படிச் சொன்னோமா மாமா?"

"சொல்லல. ஆனா சொல்லுவீங்க. சரி, குடுத்தாச்சுன்னா அப்புறம் என்ன? டேய், வண்டியை உள்ள விடு."

வரிசை முழுக்கத் துணிகளை உருவும் சத்தம். "பெட்டியைத் தூக்குங்க," என்றார் வியாபாரி. "அலுவலகத்தின் தொடர் முயற்சியால் இயற்கைச் சீற்றம் இன்று முற்பகல் தணிந்தது," என்று அலுவலர் யாருக்கோ தொலைபேசியில் வாசித்தார்.

அப்பா மட்டும் இன்னும் போனை வைக்கவில்லை.

"மாமா."

"க்கும்."

"நீங்க இங்க நின்னு பெட்டி இறக்கிட்டிருக்கீங்க."

நான் இன்னொரு தடவை இருமினேன். வேறென்ன செய்ய முடியும்?

"அடியே," என்றார் அப்பா மெதுவாக, "எங்கடி இருக்க?"