மூச்சு விட்ட புடவை

மனைவி பெங்களூரு போவதைத் தடுக்க, செத்துப்போன பெரியத்தையைக் கூட்டி வருவது என்று வீரமணி முடிவு கட்டினான்.

கனிமொழி பாப்பிரெட்டிப்பட்டியில் தையல் கடை வைத்திருந்தாலும் படித்தது எலக்ட்ரானிக்ஸ். பழைய புடவைகளை ஒட்டுப்போட்டு, உள்ளே ரப்பர் பைகளை வைத்துத் தைத்து, சுவர் நிறையத் தொங்கும் ஒரு துணியைச் செய்திருந்தாள். ஆள் கிட்டே வந்தால் சென்சார் கண்டுகொள்ளும், மோட்டார் காற்றை ஊதும், துணி நெஞ்சு மாதிரி ஏறி இறங்கும். பார்த்தவர் யாரும் இரண்டாம் முறை கிட்டே போகவில்லை. பெங்களூரு கண்காட்சிக்காரர்களுக்கோ அது பிடித்துப்போய், மூன்று மாதம் வந்து தங்கச் சொல்லிவிட்டார்கள். அதுவரை சோறு யார் ஆக்குவது? வீரமணி வெந்நீர் வைத்தாலே தீய்ந்துவிடும்.

அந்தத் துணியில் பூவாடைக்காரிக்குப் படைத்த மஞ்சள் புடவையும் இருந்தது. சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெரியத்தை தீர்த்தம்மாள்தான் அவர்கள் வீட்டில் தெய்வமாகக் கும்பிடும் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை அவளுக்குத்தான். இது போதாதா? அரூரில் பிரஷர் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்து ஒன்றை வாங்கி, மெல்லிய குழாயால் துணியோடு இணைத்தான். பந்தை அக்குளில் வைத்துக்கொண்டான். மோட்டாரை அணைத்தான்.

"கனி! கரண்டே இல்லாம துணி மூச்சு உடுது, வந்து பாரு!"

"ஐயோ, யாருங்க அது?"

"பெரியத்தைதான். நீ ஊரு உட்டு ஊரு கொண்டு போறது புடிக்கல போல."

கனிமொழி பதறவில்லை. பாயை விரித்து உட்கார்ந்து கைகூப்பினாள்.

"அப்ப அவங்களையே கேட்டுடலாங்க. துணி எழுந்தா சரின்னு அர்த்தம். அத்தே, நான் வூட்டுலயே இருந்துடட்டுங்களா?"

வீரமணி அவளருகே உட்கார்ந்து அக்குளை இறுக்கினான். வியர்வையில் பந்து வழுக்கி அவன் மடியில் விழுந்தது. துணி அசையவில்லை.

"அப்ப பெங்களூரு போகட்டுங்களா?"

துணி எழுந்தது. மெதுவாக, மஞ்சள் பகுதி மட்டும். பந்து மடியில்தான் கிடந்தது. மஞ்சள் ஓரம் நீண்டு வந்து அவன் கன்னத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

"இவரே ஆக்கித் தின்பாருங்களா, அத்தே?"

மறுபடி எழுந்தது. இந்தத் தடவை பார்த்துவிட்டான். கனிமொழியின் கால் கட்டைவிரல் பாய்க்கு அடியில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது. அடிப் பாவி! கத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அவள் விரலைச் சொன்னால் தன் பந்தையும் சொல்ல வேண்டுமே. துணியின் முன் விழுந்து கும்பிட்டான்.

மறுநாள் துணி மூட்டையோடு பஸ் ஏறியவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, ஒரு உண்மைய சொல்லிடறேன். சோத்துக்கு மட்டும்தான் நான் அமுக்குனேன். பெங்களூருக்கு நீங்களே அமுக்கி சம்மதம் சொன்னீங்க பாருங்க, எனக்கு மனசே நெறஞ்சு போச்சு."

"நான் எங்க..." என்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

பெரியத்தை பெங்களூரு போனாளா, வீட்டிலேயே தங்கிவிட்டாளா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. வீரமணி அன்றிலிருந்து தெருவாசலில்தான் சோறாக்குகிறான்.