சட்டையைத் தொட்டுப் பார்க்கிற சக்தி

இந்த முறை விடுவதில்லை என்று வேலுசாமி முடிவு கட்டிவிட்டான். பெண்டாட்டிக்குச் சக்தி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சக்தியை முறிக்கிற வழியும் படத்திலேயே இருக்கிறதே!

சும்மா சொல்லவில்லை. பேய்ப்படம், மர்மப்படம் என்று போனில் இருநூறுக்கு மேல் பார்த்தவன் அவன். தமிழ் பேசுகிற வெள்ளைக்காரப் பேய்கள் எல்லாம் அவனுக்குச் சொந்தக்காரர் மாதிரி. முறைத்தாலே கதவைச் சாத்துகிறவள் எவள், மூக்கில் இரத்தம் வந்தால் அடுத்தது யார் சாவான், எல்லாம் அத்துப்படி. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருந்தால் கண்டுபிடிக்க மாட்டானா?

வேலுசாமிக்கு இரத்தினபுரி நிவித்திகலப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. கை மரத்தைக் கீறும். மனசு மாணிக்கக் குழியைத் தோண்டும். இரண்டு வருசத்துக்கு முந்தி லீவு நாளில் குழியில் இறங்கினான். பக்கச் சுவர் சரிந்து இடுப்பு வரைக்கும் மண். கயிறு போட்டு இழுத்தார்கள். ஆள் வந்தான், இடுப்பில் கட்டிய சாரம் வரவில்லை. அன்றைக்கே ஜீவராணி மகள் சுதர்ஷினியின் தலையில் அவன் கையைப் பிடித்து வைத்து, இனிக் குழிப்பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள்.

சத்தியம் சத்தியந்தான். ஆசையும் ஆசைதானே! பால்வெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று தடவை குழிக்குப் போனான். மூன்று தடவையும் பிடிபட்டான். அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் கையில் எடுப்பாள். கண்ணைச் சுருக்குவாள்.

“குழிக்குத்தானே போனீங்க?”

கேள்விகூட இல்லை அது. தீர்ப்பு. நியாயமா இது? ஒரு மனுசன் சொந்த வீட்டில் நிம்மதியாக ஒரு பொய் சொல்ல முடியாதா?

இதையேதான், அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிற சந்திக் கடை ஜுனைதீனிடம் போய்க் கேட்டான். படம் பார்ப்பதில் ஜுனைதீன் அவனுக்கும் மேலே. கடையில் பருப்பு நிறுக்கும்போதும் போனில் யாரோ ஒருத்தி அலறிக்கொண்டுதான் இருப்பாள்.

“சட்டையைத் தொட்ட பொறகா சொல்றா?” என்றார் ஜுனைதீன்.

“ஆமா நானா. கண்ணை வேற சுருக்குறா.”

“அப்ப இது மனசைப் படிக்கிற கேஸ் இல்ல வேலு. மனசைப் படிக்கிறவ மூஞ்சைப் பாப்பா. இது சாமானைத் தொட்டா நடந்ததெல்லாம் படமா ஓடுற கேஸ். பொல்லாத கேஸ்.”

“இதுக்கு என்னதான் வழி?”

“சாமானைப் பொய் சொல்ல வைக்கணும். அவ சட்டையைத் தொட்டா ரப்பர் மரந்தான் தெரியணும். குழி தெரியப்படாது.”

“சட்டைக்கு எப்படி நானா பொய் சொல்லிக் குடுக்கிறது?”

“அல்லாவே! பால் வெட்டுற மனுசன் என்கிட்டயா கேக்குறது?”

வேலுசாமிக்குச் சுரீரென்று உறைத்தது. ஜுனைதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். நிறுத்த பருப்புக் கொட்டியது.

வியாழக்கிழமை குழியில் சரளை கழுவுகிற நாள். தோண்டிக் குவித்ததையெல்லாம் கூடையில் போட்டுத் தண்ணீரில் அலசிக் கல் தேடுவார்கள். அன்றைக்குத் தண்ணீரில் நின்றவனுக்குத்தான் பங்கு. முதல் நாளே வேலுசாமி ஒரு போத்தல் ரப்பர் பால் ஒளித்து வைத்துவிட்டான். உறையாமல் இருக்க இரண்டு சொட்டு அமோனியாவும் விட்டான். வியாழன் விடிய ஐந்து மணிக்கு வெட்டுக்கத்தியும் வாளியுமாக, “பெரட்டுக்குப் போறேன் புள்ள” என்று கிளம்பினான். பேர் பதிகிற பெரட்டுக்களத்துப் பக்கம் திரும்பவே இல்லை. சந்தியில் த்ரீவீலர் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

அங்கே நல்ல வெயில். பகல் வரைக்கும் அலசினார்கள். கடுகில் பாதி அளவில் ஒரு கல் வந்தது. அதுவும் கல்லா, கண்ணில் விழுந்த தூசியா என்று சண்டை. குழி முதலாளி மட்டும் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். “செனசுராதா எண்ட, மல்லி!” சனிக்கிழமை வா தம்பி, நல்ல சரளை இன்னும் அடியில் கிடக்கிறது என்றார். வேலுசாமிக்கு உயிர் வந்தது. இன்றைக்கு மட்டும் அவளிடம் தப்பிவிட்டால் போதும். சனிக்கிழமை நம்முடையது.

திரும்பி வரும்போது தோட்டத்து ரோடு நனைந்து கிடந்தது. இரத்தினபுரியில் ரோடு நனைந்திருப்பதை யார் கவனிக்கிறார்கள்? பற்றைப் புதருக்குப் பின்னால் ஒதுங்கி, போத்தல் பால் முழுவதையும் நெஞ்சோடு சட்டையில் ஊற்றிக்கொண்டான். கழற்றி வைத்து ஊற்றியிருக்கலாம். ஆனால் உடம்புச் சூடு பட்டால்தான் துணியில் நினைவு ஏறும் என்று ஒரு படத்தில் பார்த்திருக்கிறான். அரைமணி நேரம் வெயிலில் நடந்து லயத்து வீட்டுக்கு வந்தான்.

ஜீவராணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். புள்ளமடுவத்தில், பால்வெட்டுக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். இந்த நேரத்தில் வீட்டில் என்ன வேலை என்று அவன் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

“எங்க இருந்து வாறீங்க?”

“எங்க இருந்தா? மலையில இருந்துதான். இன்னைக்கு மரமெல்லாம் கொட்டுது புள்ள! சட்டையைப் பாரு. தொட்டுப் பாரு.”

“நான் எதுக்குத் தொடணும்?”

“பயப்படாமத் தொடு.”

“சரி, கழட்டிக் குடுங்க.”

கழற்றினான். சட்டை வந்தது. கூடவே நெஞ்சும் வந்தது.

ரப்பர் பால் காய்ந்தால் ரப்பர். இருபது வருசமாகப் பால் வெட்டுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். படத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு மயிரும் சட்டையும் ஒரே துணியாகிவிட்டன.

ஜீவராணி பதறவில்லை. தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து அவனைப் பலகையில் உட்காரவைத்தாள். சட்டையின் இடப்பக்க ஓரத்தைப் பிடித்தாள்.

“எத்தனை மரம் வெட்டுனீங்க?”

“முந்நூறு.”

சர்ர்ர்.

“ஐயோ! இருநூறு!”

சர்ர்ர்.

“அடியே! நூறுன்னு வச்சுக்க!”

“எந்த மலையில?”

“அஞ்சாம் நம்பர்ல...”

சர்ர்ர்ர்ர்.

“குழி! குழி! குழிக்குத்தான் போனேன்! ஆத்தா, விடு! ஒரு கல்லுகூடக் கிடைக்கல. சனிக்கிழமைதான் நல்ல சரளை...”

நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். நல்லவேளை என்று நினைத்தான். வலி கொஞ்சம் அடங்கியதும் கோபம் பொங்கியது.

“இது அநியாயம் ராணி! இன்னைக்கு நீ சட்டையைத் தொட முந்தியே ‘எங்க இருந்து வாறீங்க’ன்னு கேட்டியே, எப்படித் தெரிஞ்சிச்சு? எப்ப இருந்து உனக்கு இந்தச் சக்தி? கல்யாணத்துக்கு முந்தியா, பொறகா? பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணுமா இல்லியா?”

“என்ன சக்தி?”

“தொட்டா படம் ஓடுற சக்தி!”

ஜீவராணி எண்ணெய்க் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மூணு நாளும் சட்டையில ஒரு பொட்டு ரப்பர் பால் இல்ல. காலர்ல குழிக் களிமண். இதுக்கு ரெண்டு கண்ணு போதாதா?”

“அப்ப இன்னைக்கு? இன்னைக்குத்தான் ஒரு போத்தல் ஊத்திக்கிட்டு வந்தேனே!”

“விடிய அஞ்சரைக்குப் புடிச்ச மழை பகல் ஒரு மணிக்குத்தாங்க விட்டிச்சு. மரம் நனைஞ்சா பால்வெட்டு கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பெரட்டுல இருந்தே எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்க. மடுவத்துக்கு ஒரு புள்ளகூட வரல. தோட்டமே போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. நீங்க மட்டும் பால்ல குளிச்சிட்டு வாறீங்க!”

வேலுசாமி மலைப்பக்கம் கையை நீட்டினான்.

“மலைக்கு அந்தப் பக்கம் வெயில் அடிச்சிச்சு” என்றான், மழைதான் தப்புச் செய்த மாதிரி.

இருநூறு படம் பார்த்து என்ன பிரயோசனம்? ஒரு படத்திலாவது ஒரு பயலாவது மழையைப் பற்றிச் சொன்னானா? போகட்டும். அவளுக்குச் சக்தி இல்லை என்பதாவது நிச்சயமாகிவிட்டது. மனசுக்குள் என்ன நினைத்தாலும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கத்தையும் பிய்த்துக்கொண்டால், சனிக்கிழமை வேறு சட்டையோடு, வேறு பொய்யோடு...

இடப்பக்கம் முழுக்கக் கழன்றுவிட்டது. வலப்பக்கம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் கை மட்டும் தொங்கியது. ஜீவராணி போத்தலை மூடிக்கொண்டு எழும்பினாள்.

“என்ன புள்ள, பாதியில எழும்பிட்ட? இந்தப் பக்கம்?”

“அதைச் சனிக்கிழமை ஆறுதலா, மெதுவா எடுத்துக்கலாங்க. அன்னைக்கு நீங்க வீட்லதானே.”