ஆள் இருக்கும்வரை குளிரும்

"கையை வெச்சுப் பாருங்கண்ணே. ஐஸு மாதிரி வருது," என்றான் ஏசி மெக்கானிக் ராக்கையா.

மகுடேஸ்வரன் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த காற்றுத்தான் வந்தது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

"இப்ப வரும். நீ வண்டியெடுத்துச் சந்து முக்குத் திரும்பறதுக்குள்ள நின்னு போகும். போன தடவையும் இப்படித்தான், அதுக்கு முந்தியும் இப்படித்தான். நீ ஏசியை ரிப்பேர் பண்றயா, பழக்கி வெக்கறயா?"

"என்னண்ணே இப்பிடிச் சொல்லிப்புட்டீக. போன தடவ கேஸு கொறஞ்சு கெடந்துச்சு. இந்தத் தடவ காயில் கம்பி பூராம் பஞ்சு. பனியன் ஊருல பஞ்சு அடைக்காம வேற என்னண்ணே அடைக்கும்?"

பஞ்சைத் தண்ணீர் அடித்துக் கழுவியதற்கு எண்ணூறு ரூபாய். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். ராக்கையாவின் வண்டிச் சத்தம் சந்து முக்கில் மறைந்து கால் மணி நேரம் ஆகவில்லை. மேல் ரூமிலிருந்து மகள் அனுப்ரியா கூப்பிட்டாள்.

"அப்பா, மறுபடியும் வெறுங்காத்துதான் வருதுங்கப்பா."

மகுடேஸ்வரன் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுப்பவர். ஒரு முழம் நூல் வீணானால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கம்பெனி சுவிட்ச் போர்டுக்கு மேலே அவர் கைப்பட எழுதி ஒட்டிய அட்டை இருக்கிறது: 'ஆளில்லாத இடத்தில் ஃபேன் ஓடக்கூடாது.' ஃபேனை நிறுத்தாமல் டீ குடிக்கப் போனவனை டீக்கடை வரைக்கும் துரத்திப் போய்த் திட்டிவிட்டு, போன கையோடு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து வருவார். வீட்டிலும் இதே சட்டம்தான்.

அப்பேர்ப்பட்டவர், எக்ஸ்போர்ட் ஆட்கள் செக்கிங்குக்கு வந்தால் மட்டும் போடுகிற ஆபீஸ் ஏசியைக் கழற்றி வீட்டில் மாட்டினார் என்றால், அது பேத்திக்காக. பிறந்து ஐம்பது நாள். சித்திரை வெயிலில் திருப்பூர் வறட்டுக் கொதி கொதிக்கிறது. கழற்றக் கூலி, மாட்டக் கூலி, செம்புக் குழாய், மொட்டைமாடியில் வெளிப் பெட்டிக்கு ஸ்டாண்டு, அங்கேயே அதற்கு ஒரு சுவிட்ச், ஸ்க்ரூவுக்குத் தனியாக இருபது ரூபாய் என்று பில் வந்தபோது, "திருப்புளி தேஞ்சதுக்கும் சேத்திப் போட்டுக்கப்பா," என்றார். அதோடு செலவு முடிந்தது என்று நினைத்தார், பாவம்.

இதற்கிடையே கோவையிலிருந்து வீடியோ காலில் பேசிய மாப்பிள்ளை அருள்செல்வன், குழந்தையின் கழுத்தில் வேர்க்குருவைப் பார்த்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை வர்றேனுங்க மாமா. ரூம் குளிரலீன்னா ரெண்டு பேரையும் இங்கயே கூட்டீட்டு வந்தர்றேன். எங்கூட்ல நல்லாக் குளிருதுங்க."

அந்தக் கடைசி வார்த்தை மகுடேஸ்வரனை எங்கேயோ போய்த் தைத்தது. காலையில் பேத்தியின் உள்ளங்காலை ஒரு தடவை கன்னத்தில் வைத்துக்கொள்ளாமல் கம்பெனிக்குப் போக இப்போதெல்லாம் அவருக்குக் கால் வருவதில்லை. அவள் போய்விட்டால் வீடு வீடாகவா இருக்கும்?

"ஏனுங்க, வேற ஆளைத்தான் பாருங்களே," என்றாள் மனைவி ஜெயபாரதி.

பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒருவர் வந்தார். வழக்கம்போல வீட்டு வேலை செய்யும் மயிலாள் மாடிச் சாவியோடும் தண்ணீர்க் குடத்தோடும் முன்னால் ஏறினாள். கண் மங்கிப் போனதால் கம்பெனி செக்கிங் வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட மனுஷி. மாடியைத் திறப்பதும் அவள்தான், கடைசியில் பூட்டி இறங்குவதும் அவள்தான். அட்டைக்காரர் ஒரு மீட்டரை வைத்தார், எடுத்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு சார். விசிட்டிங் சார்ஜ் ஐநூறு."

"கரெக்டா இருக்கறதைக் கரெக்டா இருக்குதுன்னு சொல்ல ஐநூறு ரூவாயா? அப்ப எனக்கு ஆரு குடுக்கறது? நானும் தெனம் சொல்லீட்டுத்தானே இருக்கறேன், அது கரெக்டா இல்லைன்னு?"

அவர் போனார். குளிரும் போனது.

அன்று ராத்திரி பூராவும் யோசித்து, இனி எவன் காலிலும் விழுவதில்லை என்று மகுடேஸ்வரன் முடிவு கட்டினார். பஞ்சுதானே அடைக்கிறது? பஞ்சு புகாமல் செய்துவிட்டால்? மறுநாள் மாலை ரிமோட்டில் ஏசியை நிறுத்திவிட்டு, இஞ்ச் டேப்போடு தானே மாடியேறி, வெளியே இருக்கும் பெட்டிக்கு அளவெடுத்தார். நல்ல ரிப் பனியன் துணியில், பைப்புக்குக் கைத்துளை விட்டு, கீழே எலாஸ்டிக் வைத்துத் தைத்து மாட்டினார். வேலை சுத்தம். காலர் ஒன்றுதான் பாக்கி.

காலையில் போட்டால் அப்போதும் வெறுங்காற்றுத்தான். வெட்கத்தை விட்டு ராக்கையாவுக்கே போன் போட்டார். அவன் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் போன மயிலாளுக்குப் பின்னே மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள், மேலே 'டப்' என்று ஒரு சத்தம்.

"அண்ணே, ஏசிக்கு யாருண்ணே பனியன் போட்டு விட்டது?"

"பஞ்சு போகாம இருக்கத்தான்."

"பஞ்சு போகலண்ணே. காத்தும் போகல. மூச்சு முட்டிக் கெபாசிட்டர் வெடிச்சுப் போச்சு."

கெபாசிட்டருக்கு ஆயிரத்து இருநூறு. அதுபோக, வண்டி துடைக்க நல்லாயிருக்கும் என்று அந்தப் பனியனையும் சுருட்டிக்கொண்டு போனான். அவன் போன கால் மணியில் ஏசி பழையபடி ஆனது.

மகுடேஸ்வரனுக்கு இப்போது ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது.

"ஜெயா, அவன் இருந்தா ஓடுது, போனா நிக்குது. எதையோ பண்ணி வெச்சுட்டுத்தான் போறான் திருட்டுப்பய. சரி, ஞாயித்துக்கெழமை அவனைப் போகவே உடப்போறதில்லை."

ஞாயிறு காலை பத்து மணிக்கே ராக்கையாவை வரவழைத்து மாடியில் ஏற்றினார். தண்ணீர் டேங்க் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"நான் என்ன வேல பாக்கணும்ணே?"

"ஒண்ணும் பாக்க வேண்டாம். உக்காந்திரு. அந்த ஏசி கண்ணுல பட்டுட்டே இரு."

"சும்மா உக்காரவா? அதுக்கு நாள் கூலி எவ்வளவுண்ணே?"

வந்த கோபத்தை மகுடேஸ்வரன் விழுங்கிக்கொண்டார். ஏசி குளிர்ந்துகொண்டிருந்தது. காரியம்தான் பெரிது.

மாப்பிள்ளை வந்தார். ரூமுக்குள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. குழந்தை போர்வைக்குள் சுருண்டு தூங்கியது. நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் கீழே இலையில் விழுந்தன. மாடிக்கும் ஒரு தட்டு போனது.

"நல்லாத்தானுங்க குளிருது மாமா. இன்னும் ரெண்டு மாசம் இங்கயே இருக்கட்டும்," என்றார் அருள்செல்வன்.

ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகுடேஸ்வரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோயிலுக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அந்த நிறைவில், மேலே ஒருவன் உட்கார்ந்திருப்பதையே மறந்துபோனார்.

ராக்கையாவுக்கு வேறு வீட்டிலிருந்து போன் வந்தது. சத்தமில்லாமல் இறங்கி, சமையல்கட்டில் ஜெயபாரதி கொடுத்த பாயசத்தை ஆற அமரக் குடித்துவிட்டு, வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். அப்போது மேலே குழந்தை வீலென்று அழுதது.

"மாமா, இது வெறுங்காத்துங்க," என்றார் மாப்பிள்ளை. அடுத்த நிமிஷம் அனுப்ரியாவின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார்.

மகுடேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ராக்கையாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"இத்தனை நாளா என்ற பணத்தைத் தின்ன, பொறுத்துக்கிட்டேன். இப்ப என்ற பேத்தியவே ஊட்டை உட்டுக் கெளப்பறயே, நீ நல்லாயிருப்பயா? மேல என்னத்தைப் பண்ணி வெச்சுட்டு எறங்குன? சொல்லு."

"ஆத்தா சத்தியமா ஒண்ணும் பண்ணலண்ணே. கோழியத் தின்னேன், எறங்குனேன். தொட்டுக்கூடப் பாக்கல."

"பொய் பேசாத. நீ எறங்குனா அது நிக்குதே, எப்படி?"

மாப்பிள்ளை ஒரு கையில் பெட்டியும் மறு தோளில் குழந்தையுமாகப் படியில் நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து, காலித் தட்டும் மாடிச் சாவியுமாக மயிலாள் மெல்ல இறங்கி வந்தாள்.

"மொதலாளி, அந்தத் தம்பிய வையாதீங்க, அது எறங்குனதுமே நாம்போயி மாடிப் பொட்டியில சுத்தற ஃபேனை நிறுத்தீட்டனுங்க, ஆளு ஏறுனாப் போடறதும், எறங்குனா நிறுத்தறதுமா, ஆளில்லாத எடத்துல ஃபேன் ஓடக்கூடாதுன்னு நீங்க சொன்ன சொல்லை இந்த ஒன்றரை மாசத்துல நான் ஒரு நாளும் மீறுனதில்லீங்க."