வலப்பக்கத்து டம்ளர்

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வலப்பக்கம் வைத்தது டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. அது தன் வலப்பக்கமா, பிள்ளைகளின் வலப்பக்கமா என்பதுதான் நினைவில்லை.

மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில், கழுவியே பழக்கமில்லாத மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர். தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் ஆகாது என்பதுதான் இன்றைய பாடம். நடுவில் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஓய்வறை வரை போய், அது தன் தலைமேலேயே இருப்பதைக் கண்டுபிடித்துத் திரும்பியதில் எல்லாம் குழம்பிவிட்டது.

"எது டீச்சர் கெட்ட தண்ணி?"

"நீங்களே சொல்லுங்க, பாப்போம்," என்றார் டீச்சர் சாமர்த்தியமாக.

பாதி வகுப்பு "இது!" என்றது. மீதி வகுப்பு "அது!" என்றது. முதல் பெஞ்சில் காலி தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த வாயாடிச் சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லட்டா?"

"நீ எப்பத்தான் சொல்லாம இருந்தே? அப்புறம்மா."

டீச்சர் இரண்டையும் முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் பளிங்கு மாதிரி இருந்தன. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று சற்றுமுன் கரும்பலகையில் எழுதியவரும் அவர்தான்.

வம்பே வேண்டாம், கொட்டிவிடலாம் என்று இரண்டையும் கையில் எடுத்துத் திரும்பினார். வாசலில் பள்ளி ஆய்வாளர். மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அடடா, எனக்காகவா? இப்பெல்லாம் யாரும்மா இப்படிக் கவனிக்கிறாங்க!"

ஒன்றை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"ஐயா, அது வந்து..."

"அதையும் குடும்மா." இரண்டாவதும் காலியானது.

எது எது என்ற குழப்பம் இப்போது தேவைப்படவில்லை.

மறைத்துவிடலாம்தான். ஆனால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஆண்டவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. அதுல ஒண்ணு தொட்டித் தண்ணி. பாடத்துக்காக வெச்சது."

"குடிச்சா என்னம்மா ஆகும்?"

பாடம் நன்றாகவே பதிந்திருந்தது. வகுப்பு ஒரே குரலில் ஒப்பித்தது: "வாந்தி! பேதி! காய்ச்சல்!"

ஆய்வாளர் நாற்காலியில் சரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஆமாம்மா, இப்பவே கலக்குது. உடம்பு வேற சுடுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

டீச்சர் கண்களை மூடினார். என் வேலை போனாலும் போகட்டும், இந்த மனுஷன் வயிற்றைக் காப்பாற்று என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோதும் வாயாடியின் கை இறங்கவில்லை.

"என்னதான்மா வேணும் உனக்கு?"

"ரெண்டுமே காய்ச்சின தண்ணிதான் டீச்சர். நீங்க கண்ணாடி தேடப் போனப்போ, மறந்துபோய்க் குடிச்சிடுவீங்களோன்னு பயந்து, தொட்டித் தண்ணியக் கொட்டிட்டு, டம்ளரை என் பாட்டில் தண்ணியில கழுவி, மிச்சத்தையும் அதுலயே ஊத்தி வெச்சிட்டேன்."